பூக்கேட்ட அன்று கடலில்

நாங்கள் கடலில் இறங்கிய அதே காலையில்தான் அன்னூரில் அம்மா பூக்கேட்கப் போயிருந்தாள். எங்கள் பக்கம் எந்தக் காரியம் என்றாலும் முதலில் சாமியிடம் கேட்டுவிடுவார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான். அன்றைக்குக் கேட்டது என் கல்யாணத்தைப் பற்றி. அந்த மாப்பிள்ளை எனக்கு வேண்டாம் என்று நான் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

பெண் பார்க்க வந்தபோது, "சரவணம்பட்டி வேலையெல்லாம் இனி எதுக்குங்க" என்று என் வேலையைப் பற்றி மாப்பிள்ளை கேட்டது அப்பாவிடம், என்னிடம் இல்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்ல வாய் வராமல் ஒரு வாரமாகத் திரிந்துகொண்டிருந்தேன்.

கர்நாடகக் கடலில் கயாக் என்னும் துடுப்புப் படகு விடும் இந்தப் பயணம் முன்பே ஏற்பாடு செய்தது. கூட வருவதாகச் சொன்ன தோழிகள் கடைசியில் கழன்றுகொண்டார்கள். தனியாக விட மாட்டேன் என்று அம்மா அப்பாவைத் துணைக்கு அனுப்பிவிட்டாள். தென்னந்தோப்பைத் தவிர வேறெதுவும் அறியாத மனிதர், வெள்ளைச் சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவை அங்கியை மாட்டிக்கொண்டு, கையில் போனோடு கடற்கரையில் நின்றார். வேட்டியை மாற்ற வைப்பதற்குள் கைடாக வந்த பெண்ணுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

அவள் குழுவில் வந்த எல்லோருடைய போனையும் வாங்கித் தண்ணீர் புகாத பை ஒன்றில் போட்டுத் தன் கயாக்கில் வைத்துக்கொண்டாள். அப்பாவின் கண் அந்தப் பையை விட்டு நகரவில்லை. இன்னொரு கயாக்கில் அவரை முன்னாலும் என்னைப் பின்னாலும் உட்கார வைத்தாள். பின்னால் இருப்பவர்தான் திருப்ப வேண்டும், அதனால் சொன்ன பேச்சைக் கேட்பவர் அங்கே இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதை நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை.

அப்பா மண்வெட்டி போடுவது போலத் துடுப்பைப் போட்டார். என் துடுப்பு அவருடையதில் இடித்துக்கொண்டே இருந்தது.

"மெதுவாப் போடுங்கப்பா."

"அம்மா இந்நேரம் கூப்புட்டிருப்பா கண்ணு."

திரும்பத் திரும்ப அதே பேச்சு. எனக்கு எரிச்சலாக வந்தது. பாறைகளுக்குப் பின்னால் கடல் அமைதியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கரை ஏறினால் அந்தப் பையைத் திறப்பார்கள். வெள்ளை என்று சேதி வந்துவிட்டால் அதற்கப்புறம் நான் பேசி என்ன ஆகப்போகிறது? பின்னால் இருந்து பார்க்க அப்பாவின் பிடரி மட்டும்தான் தெரிந்தது. முகம் தெரியாததே தைரியமாக இருந்தது.

"அப்பா, எனக்கு அந்த எடம் வேண்டாங்கப்பா."

துடுப்பு நின்றது. கயாக் பக்கவாட்டில் நகர, நான்தான் நேராக்கினேன்.

"பூ என்ன வந்தாலுமா?" திரும்பாமலே கேட்டார்.

"என்ன வந்தாலுங்கப்பா."

அப்பா நிதானமாகத் துடுப்புப் போட ஆரம்பித்தார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சின்னக் குடா ஒன்றில் கரையேறி, செம்மண் பாதையில் குன்றின் உச்சிக்கு நடக்க வேண்டும். போனைத் திரும்ப வாங்கிய அப்பா, சிக்னல் இல்லை என்றதும் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். மற்றவர்கள் நின்று படம் எடுத்தார்கள். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. போர்வெல் போடப் பூக்கேட்டுச் சிவப்பு வந்ததால், தோப்புக்குள் வந்து நின்ற வண்டியைத் திருப்பி அனுப்பியவர் அவர். எனக்காக என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

உச்சியில் போன் அடித்தது. வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"வெள்ளைங்க. எடுத்ததுமே வெள்ளை." அம்மாவின் குரலில் அத்தனை சந்தோஷம். "மாப்பிள்ளை ஊட்டுக்குச் சொல்லிப்போடட்டுங்களா?"

அப்பா அப்போதுதான் கடலைப் பார்த்தார்.

"சொல்லிப்போடு அம்மணி."

நான் இறங்கும் பாதைப் பக்கம் திரும்பினேன்.

"செவப்பு வந்துருச்சுன்னு சொல்லு."

அம்மா மெதுவாக, "ஏனுங்க, இது சாமி காரியமுங்க" என்றாள்.

"தெரியுது. நம்ம கண்ணுக்குப் புடிக்கல. சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

போனைப் பைக்குள் வைத்துவிட்டு, கடலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.