மீனம்மாள் கிழித்துக் கொடுத்த துணி

எங்கள் கம்பெனியில் எண்ணெய் துடைக்கிற துணி மூட்டையாக வரும். பழைய சட்டை, நைட்டி, பனியன், பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் கலந்திருக்கும். அதைக் கிழித்து ஸ்டோர் ஜன்னல் வழியாகக் கொடுப்பதும் தரையைக் கூட்டுவதும் மீனம்மாளின் வேலை. கிழித்துக் கொடுத்தால் போதும். ஆனால் அவர் ஒவ்வொரு துணியையும் கையால் தடவிப் பார்ப்பார். பொத்தான், கொக்கி, ஜிப், ஊக்கு எது இருந்தாலும் பிரித்தெடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார்.

"அவசரத்துல தொடைக்கறவங்க பாத்துக்கினா தொடைப்பாங்க? கையில ஏறிடும்" என்பார்.

இப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவருக்கு உத்தரவு போட்டதில்லை. செய்யாமல் விட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

வடக்குப்பட்டில் அவர் வீடு. கணவர் யாக்கோபு கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டியவர். இறந்து ஒன்பது வருடமாகிறது. மகள் ஷாரோனை மணிமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மீனம்மாள் என்னைவிட ஆறு வயது பெரியவர். பதினோரு வருடமாக இதே கம்பெனி, பதினோரு வருடமும் கான்ட்ராக்ட். ஒவ்வொரு மார்ச் மாதமும் கான்ட்ராக்ட்காரர் பெயர்ப் பட்டியல் ஒட்டுவார். அதில் தன் பெயரைப் பார்த்த பிறகுதான் மீனம்மாளுக்குச் சோறு இறங்கும்.

என் பெயர் அறிவு. பிரஸ் மெஷினில் வேலை செய்கிறேன். எட்டாவதோடு நின்றவள். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. சாப்பாட்டு நேரத்தில் மீனம்மாள் பக்கத்தில் உட்காருவேன். இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கேட்டதைத் திங்கட்கிழமை எனக்குச் சொல்வார். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் அவர் பக்கத்து வீட்டு விஷயம் போலச் சொல்வதால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் எரேமியா என்ற தீர்க்கதரிசியைப் பற்றிச் சொன்னார்.

"நாப்பது வருசம் ஒரே பேச்சு, அறிவு. திருந்துங்க, இல்லாட்டி ஊரே அழிஞ்சிடும்னு. ஒருத்தனும் கேக்கல. அடிச்சாங்க, கட்டி வெச்சாங்க. அவன் பேச்ச மாத்தல. கடைசில கயித்துல கட்டி துரவுல, கெணறு மாதிரி ஆழக் குழி, அதுல எறக்கிட்டாங்க. தண்ணி கூட இல்ல, வெறும் சேறு."

"அப்புறம்?"

"அரமனையில வேல செய்யற ஒருத்தன், எபெத்மெலேக்குனு பேரு, வேற தேசத்து ஆளு. அவன் ராஜாகிட்ட போயி, அந்த மனுசன் செத்துடுவாரு சாமின்னு சொல்லி, கயிறு எடுத்துக்கினு வந்தான். கயிறு மட்டுமா? பழைய கந்தத் துணியும் எடுத்துக்கினு வந்தான். கயிறு அறுக்கும், அக்குளுக்கு அடியில வெச்சிக்கன்னு மேல இருந்து போடறான்." மீனம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் துணி எங்க இருந்துச்சு தெரியுமா? அரமனை கிடங்குல. நம்ம ஸ்டோர் மாதிரி."

"அப்ப அங்க ஜன்னல்ல நீதான் இருந்திருப்பக்கா."

அவர் சிரித்ததில் ரசம் சிந்தியது.

ஆடி மாதம் எங்களுக்கு டார்கெட்டைக் கூட்டினார்கள். பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கும். கை எதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. ஆனால் எங்களுடையது பழைய மெஷின். ஒரு பட்டனைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டால் ஏமாந்துவிடும். ஒரு கை மிச்சமாகும். அந்தக் கையால் அடுத்த தகட்டை எடுத்து வைக்கலாம். ஐந்து மெஷினிலும் கட்டினோம். நானும் கட்டினேன். சூப்பர்வைசர் வெங்கடேசன் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போலப் போனார்.

கட்டுவதற்கு நீளத் துணி வேண்டும். "அக்கா, நீளமா ஒண்ணு குடு" என்று கேட்டோம். மீனம்மாளும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என் மெஷினுக்கு அடியில் கூட்டிவிட்டு நிமிர்ந்தவர், பட்டனில் நீலக் கட்டம் போட்ட நைட்டித் துணியைப் பார்த்தார். காலையில் ஊக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து எனக்குக் கொடுத்த துணி. துணியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், கூட்டிக்கொண்டே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து எல்லாத் துணியும் உள்ளங்கை அளவுதான்.

"எக்கா, இது என்ன, பொம்மைக்குச் சட்ட தைக்கதுக்கா தாறிய?" என்றாள் பக்கத்து மெஷின் ஷெர்லின். நாகர்கோவில்காரி.

"ஆமாண்டி. ரெண்டு கையும் இருக்கற பொம்மைக்கு."

நாங்கள் சாக்குக் கயிற்றுக்கு மாறினோம். மீனம்மாள் வெங்கடேசனிடம் போய்ச் சொன்னார்.

"நீ தொடப்பத்த பாரு, மீனம்மா. மார்ச்சுல லிஸ்ட்ல பேரு வரணுமா, வேணாமா?"

காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லாரும் வரிசையில் நின்று, வலது கையை முன்னே நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி சொல்வோம். கடைசியில் "யாராச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்பார் வெங்கடேசன். ஒருவரும் வாய் திறந்ததில்லை. கலைந்து போகலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அன்று மேனேஜர் நெல்லையப்பனும் வந்திருந்தார்.

"நான் சொல்லணும் சார்" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. மீனம்மாள் துடைப்பத்தோடு முன்னே வந்தார். "அஞ்சு மிஷின்லயும் ஒரு பட்டன கட்டி வெச்சிக்கினு ஓட்டறாங்க. மொத மொத கட்டறதுக்கு துணி குடுத்ததே நான்தான். இத்தினி கை நீட்டிக்கினு கீதே, இது அத்தினியும் நாளைக்கும் நீட்டணும் சார்."

எங்கள் கைகளை இறக்கவும் முடியவில்லை, நீட்டிக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

மேனேஜர் மெஷினைப் பார்க்க வருவதற்குள் வெங்கடேசன் கண்ணைக் காட்டினார். நாங்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டோம். "அப்படி ஏதாவது உண்டா?" என்று மேனேஜர் கேட்டார். தரையைப் பார்த்தோம். அவர் போய்விட்டார். மறுநாள் மீனம்மாளைப் பின்பக்க ஸ்கிராப் யார்டுக்கு மாற்றினார்கள். அன்று மதியமே கயிறு மறுபடி ஏறியது.

ஸ்கிராப் யார்டுக்குக் கூரை கிடையாது. தகட்டுக் கழிவு நிறைந்த சக்கரத் தொட்டியைக் கம்பிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்க வேண்டும். எங்கள் கழிவறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். நான்கு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனேன். அவர் தோளில் கயிறு அறுத்த தடம் சிவந்து கிடந்தது.

"எரேமியாவுக்கு சேறு. எனக்கு ஆயிலு. வழுக்குது, அவ்ளோதான்" என்று சிரித்தார். பிறகு, "இப்ப துணி குடுக்கறவங்க ஊக்கு பாத்துக் குடுக்கறாங்களா?" என்றார்.

"இல்லக்கா. நேத்து ஷெர்லினுக்கு வெரல்ல ஏறிடுச்சி."

வெயில் வாட்டாத முகம் அப்போதுதான் வாடியது. நாங்கள் ஏன் கயிற்றை அவிழ்த்தோம், ஏன் தரையைப் பார்த்தோம் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் மெத்தென்ற பனியன் துணி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். கொக்கி இல்லையென்று இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, கம்பிக் கயிறு தோளில் படுகிற இடத்தில் சுற்றிக் கட்டினேன்.

"பாருடா, எபெத்மெலேக்கு வந்துட்டான்!" என்றார்.

திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. துணி கொண்டுவருவதற்கு முன்னால் அவன் ராஜாவிடம் போயிருக்கிறான்.

லைன் மறுபடி ஓட ஆரம்பித்ததும் என் மெஷினை நிறுத்தினேன். சாக்குக் கயிற்றை அவிழ்த்தேன். சாப்பாட்டுப் பையில் ஒளித்து வைத்திருந்த நீலக் கட்டத் துணியையும் எடுத்துக்கொண்டேன்.

"ஏம்மா, லைன விட்டுட்டு எங்க போற?" என்று வெங்கடேசன் பின்னாலேயே வந்தார். கால் நின்றுவிடுமோ என்று பயந்து வேகமாக நடந்தேன். இரண்டையும் மேனேஜர் மேசைமேல் வைத்தேன்.

"என்ன இது?"

"நான் கட்டினது சார். மூணாவது மிஷின். அவங்க சொன்னது நெசம்."

"வேற யாரு?"

கதவுப் பக்கம் ஷெர்லின் நின்றாள். கையில் கயிறு. "நாலாவது மெஷின், சார்" என்றாள்.

இரண்டு வாரத்தில் பட்டன்களுக்குமேல் இரும்பு மூடி வந்தது; இனி எதையும் கட்ட முடியாது. டார்கெட் குறையவில்லை. முடிந்ததைச் செய்கிறோம், திட்டும் வாங்குகிறோம். வெங்கடேசன் என்னிடம் முகம் கொடுப்பதில்லை. மார்ச் பட்டியல் வர இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதில் மீனம்மாள் பெயர் இருக்குமா, என் பெயர் இருக்குமா என்று தெரியாது.

ஒரு திங்கட்கிழமை மீனம்மாள் ஸ்டோருக்குத் திரும்பி வந்தார். கழுத்தெல்லாம் கறுத்திருந்தது. வந்ததும் மூட்டையை அவிழ்த்துத் துணிகளைத் தடவ ஆரம்பித்தார்.

"அந்த பனியன் துணி எங்கக்கா?" என்றேன்.

"கயித்துலயேதான் கீது. நாளைக்கு இழுக்க வர்றவங்களுக்கும் தோள் கீது இல்ல?" என்று சொல்லி, உள்ளங்கை அளவுத் துணி ஒன்றை என் கையில் வைத்தார்.