ஜெபராஜ் பெயரில் என் நெஞ்சு

பக்கத்து ஃபிளாட் பெண் இந்த வருஷம் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள். நாவலூரில் எங்கள் அடுக்ககத்தில் யாருக்கு எந்தப் பரீட்சை முடிந்தாலும் எனக்கு ஸ்வீட் வந்துவிடும். நான் சர்க்கரைக்காரன் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள், நானும் ஞாபகப்படுத்துவதில்லை. மைசூர்பாகோடு போனையும் நீட்டினாள். ஏதோ ஓர் ஆஸ்பத்திரி, புதிதாகத் தேறி வரும் டாக்டர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் என்னென்ன தருகிறோம் என்று பெரிய பட்டியலே போட்டிருந்தது. ஏ.சி. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஜிம், மனசு சரியில்லை என்றால் பேச ஓர் ஆள். "எங்களுக்கு மனசு இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்டதில்லையம்மா" என்று சொல்லிச் சிரித்தேன். கடைசி வரியில், சேரும்போதும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் இலவச உடல் பரிசோதனை என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் போனபிறகும் வெகுநேரம் மூக்கில் ஹைப்போ வாடை இருந்தது.

ஹைப்போ உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எக்ஸ்ரே படம் கழுவுகிற மருந்து. புளித்த காடி மாதிரி ஒரு நெடி. எழுபதுகளின் ஆரம்பத்தில் தாம்பரத்துக்கு மேற்கே காசநோய்க்கான ஒரு சின்ன நெஞ்சக ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருந்தேன். பெரிய சானடோரியத்தைச் சொல்லவில்லை. இது ஏதோ ஒரு டிரஸ்ட் நடத்தியது, பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. சவுக்குத் தோப்புக்குள் ஓடு போட்ட நாலு வார்டு. நாங்கள் தங்கிய கட்டடத்து மாடியில் நின்றால் திருநீர்மலை தெரியும். பல்லாவரத்து வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து போகக்கூடிய தூரம்தான். ஆனால் உள்ளேயே தங்க வேண்டும் என்று விதி.

எங்களுக்கும் பட்டியல் இருந்தது, பெரிய டாக்டர் வாயாலேயே சொன்னார். இரண்டு பேருக்கு ஓர் அறை. நோயாளிகளுக்குக் கொடுக்கிற அதே பாலும் அதே முட்டையும். வெள்ளைக் கோட்டு இரண்டு, சலவை ஆஸ்பத்திரிச் செலவு. ஸ்டைபெண்ட் என்றும் ஒன்று உண்டு, அதைப் பற்றிப் பேசி உங்களை நோகடிக்க விரும்பவில்லை. சேரும்போது ஒரு நெஞ்சுப் படம், ஆறு மாதம் கழித்து இன்னொன்று. கடைசியாக, மூன்றாவது வார்டின் கோடியில் இரண்டு கட்டில். அது எங்களில் யாருக்காவது வந்துவிட்டால் படுப்பதற்கு. அந்தக் கட்டில்களுக்கு எப்போதும் துவைத்த விரிப்பு போட்டிருக்கும். ரவுண்ட்ஸ் போகும்போது நாங்கள் ஆறு பேரும் அந்தப் பக்கம் திரும்பமாட்டோம்.

என் அறைத் தோழன் ஜெபராஜ். காலேஜிலும் ஒரே பெஞ்சு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கிழக்குத் தாம்பரத்தில் குடியேறியது. குளிக்கும்போது கீர்த்தனை பாடுவான், சுருதி மட்டும் சேராது. நிச்சயமாகியிருந்தது. குரோம்பேட்டையில் டீச்சராக இருந்த எஸ்தர். பயிற்சி முடிந்ததும் கல்யாணம்.

சேர்ந்த மறுநாள் எங்களில் மூன்று பேருக்குப் படம் எடுத்தார்கள், அதில் நானும் ஒருவன். மிச்சம் மூன்று பேருக்கு அடுத்த நாள். எனக்குப் படம் எடுத்த அன்று சாயங்காலம் ஜெபராஜ் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். மவுண்ட்ரோடில் எங்கேயோ வேறு பெயர் சொல்லி எடுத்துக்கொண்ட படம். வலது காறை எலும்புக்குக் கீழே எட்டணா அகலத்தில் ஒரு நிழல். கடைசிப் பரீட்சை சமயத்தில் சாயங்காலக் காய்ச்சலோடு உட்கார்ந்து எழுதினான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் ஒரு டாக்டர்!

"மாத்திரை ஆரம்பிச்சுட்டேன் மச்சான். ஆறு மாசத்துல காஞ்சிரும். நாளைக்கு மட்டும் எனக்குப் பதிலா நீ நில்லு" என்றான்.

எஸ்தரின் அண்ணன் இந்த வியாதியில்தான் போயிருந்தான். ஒரு முறை பாடை தூக்கியது போதும், இனி இந்த வியாதிக்காரன் நிழல்கூட என் வாசல்படியில் படக் கூடாது என்று அவளுடைய அப்பா சொல்லியிருந்தாராம். படம் வெளியே தெரிந்தால் கட்டில் கிடைக்கும், எஸ்தர் கிடைக்கமாட்டாள். ஜெபராஜ் அழவில்லை, கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். படத்தைச் சுருட்டிப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சரி என்றேன். அந்த வயதில் சிநேகிதனுக்காக ஒரு பொய் சொல்வது பெரிய ஆண்மை என்று எனக்கு நினைப்பு.

அடுத்த நாள் சட்டையைக் கழற்றிவிட்டு, ஜெபராஜ் என்று கூப்பிட்டபோது நான் போய் நின்றேன். நெஞ்சைத் தகட்டில் அழுத்தி, கையை இடுப்பில் வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்தேன். அவ்வளவுதான், ஒரு நிமிஷ வேலை.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. முதல் நாள் படங்களை உதவி டாக்டர் ஒருவர் காப்பி ஆறுவதற்குள் பார்த்து, நார்மல் என்று எழுதிப் போட்டுவிட்டார். இரண்டாம் நாள் படங்களைப் பெரிய டாக்டரே பார்த்தார். விளக்குப் பெட்டியில் ஜெபராஜ் பெயர் எழுதிய படத்தை மாட்டியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனார். இடது பக்கம் நாலாவது விலா எலும்பு நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தது, உண்டிவில் கவட்டை மாதிரி. ஆயிரத்தில் சிலருக்கு அப்படி இருக்கும், ஒரு கெடுதலும் கிடையாது. எனக்கு இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பெரிய டாக்டருக்கோ ஒரே சந்தோஷம். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஜெபராஜின் தோளில் தட்டி, இந்தப் படத்தைப் பாடத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்றார். அதிலிருந்து வராந்தாவில் பார்த்தால் போதும், கவட்டை எப்படி இருக்கிறது என்று அவனை விசாரிப்பார். அவனும் என் எலும்புக்காக இளித்துக்கொண்டு நிற்பான். அறைக்கு வந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்குச் சிரித்தது வாஸ்தவம்.

ஆறு மாதம் கழித்துத்தான் சிரிப்பு அடங்கியது. ஜெபராஜுக்கு இருமல் போய், உடம்பு பூசி, முகத்தில் களை வந்திருந்தது. தன் படத்துக்குத் தானே நிற்கலாம் என்றுதான் இருந்தான். எப்படி நிற்பது? அவன் நெஞ்சில் கவட்டை கிடையாதே. பெரிய டாக்டர் முதலில் தேடப்போவது அதைத்தான். வேறு வழியில்லாமல் மறுபடியும் நான் போனேன். என் சொந்தப் படம் இந்தத் தடவையும் உதவி டாக்டரின் காப்பியோடு நார்மலாகிப் போயிருந்தது.

எக்ஸ்ரே எடுக்கிற கன்னியப்பனுக்கு இதற்குள் எங்கள் எல்லோரையும் நன்றாகத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு, ஏதோ விளையாட்டுக்கு என்று உளற ஆரம்பித்தேன். அவர் தகட்டைப் பொருத்திக்கொண்டே, "இன்னாத்துக்கு டாக்டர் கஷ்டப்படுறீங்கோ. எனக்கு மொத தபாவே தெரியும். நான் பின்னாலதானே நிக்கிறேன், உங்க பேருக்கு வந்த முதுகுலயும் அவரு பேருக்கு வந்த முதுகுலயும் ஒரே எடத்துல மச்சம் கீது. கல்யாணம் கட்டப்போற புள்ள, போவட்டும். மூச்ச இயுங்கோ" என்றார். காலணா கேட்கவில்லை அந்த மனிதர். இப்படி மூன்று பேர் சேர்ந்து நல்ல மனசோடு ஜெபராஜின் நெஞ்சை யாரும் பார்க்காதபடி செய்தோம்.

அதற்கப்புறம் அவனுக்குப் படமே எடுக்கவில்லை. வெளியில் போய் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். உடம்புதான் நன்றாயிருக்கிறதே என்றான். அந்த நாளில் ஒன்றரை வருஷம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும், திரும்பினால் மருந்துக்கு மசியாது என்று தினமும் காலையில் வார்டு வார்டாகச் சொல்லிக்கொண்டு போவது ஜெபராஜின் வேலை. கனிவாகச் சொல்வான், கிழவர்கள்கூட கேட்பார்கள். ஊருக்குத்தான் உபதேசம். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் மாத்திரை டப்பாவைக் கிணற்றில் போட்டுவிட்டான். புதுப் பெண்டாட்டி இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயம். போட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னான். நான் திட்டினேன், திட்டிவிட்டு அவனோடு சாப்பிடப் போனேன்.

அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதாவது இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லலாம் என்று ஐயர் சபையைப் பார்த்துக் கேட்பார். பாதிரியாரை அவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது ஞாயிறு என்னையும் ஜெபராஜ் கூட்டிப்போயிருந்தான். எங்கள் பக்கத்தில் இப்படிக் கேட்கிற வழக்கமில்லை, அதனால் அது வெறும் சடங்கு என்று எனக்குத் தெரியாது. ஐயர் கேட்டுவிட்டுச் சற்று நிறுத்தினார். என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். முன் பெஞ்சிலிருந்து எஸ்தர் லேசாகத் திரும்பி, வந்திருக்கிறேனா என்று பார்த்துச் சிரித்தாள். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

நான்கு வருஷம் நன்றாக இருந்தார்கள். ஒரு பெண் குழந்தை. அப்புறம் ஜெபராஜுக்கு இருமினால் ரத்தமாக வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன் என்பதால் அந்தக் கோடிக் கட்டிலையே கொடுத்தார்கள். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், புதிதாக வந்தவர்கள் பழைய படத்தைத் தேடவில்லை. கொடுத்த மருந்து ஒன்றும் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். பார்க்கப் போனால் எலும்பைப் பற்றிக் கேலி பேசுவான். நான் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டை எடுத்துப் புரட்டுவேன். ஒரு மாசியில் போய்விட்டான்.

அப்போது எனக்குக் காட்டாங்குளத்தூர் பக்கம் அரசாங்க வேலை. நாற்பது நாள் ஆகியிருக்கும், ஒரு மத்தியானம் எஸ்தர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. மாமியார் வீட்டில் எல்லோரும், அவள் அண்ணன் வியாதியை அவள்தான் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தாள் என்கிறார்களாம். அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அவருக்கு எடுத்த படம் சுத்தமாதானே இருந்துச்சு? நீங்க பாத்தீங்கல்ல அண்ணா?"

ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவள் தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்கிவிடும். எனக்கு டாக்டர் பட்டம் போய்விடுமோ என்று இருந்தது. மனைவி முழுகாமல் இருந்தாள். செத்தவன் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு நானே ஒரு கதையும் சொல்லிக்கொண்டேன். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

"பாத்தேன்மா. சுத்தமா இருந்துச்சு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அப்ப என்கிட்டேருந்துதான்" என்று குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே நிறுத்தினாள். பஸ் நிறுத்தம் வரை அதை நடத்தியே கூட்டிப்போனாள். மறுபடி தூக்கவில்லை.

பிறகு எவ்வளவோ வருஷம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரியை மூடினார்கள். தோப்பு மனையானது. பழைய எக்ஸ்ரே படங்களை, வெள்ளி பிரித்தெடுக்கிறவன் வண்டியோடு வந்து மூட்டை மூட்டையாக எடைக்கு எடுத்துப் போனதாகக் கேள்வி. ஜெபராஜ் பெயரில் இருந்த என் நெஞ்சும் அதில் போயிருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், இனி எனக்கு என்ன போகப்போகிறது என்று துணிந்து, எஸ்தரிடம் நிஜத்தைச் சொல்லக் கிழக்குத் தாம்பரம் போனேன். நிஜமாகவே துணிச்சல்தானா, இல்லை இழக்க ஒன்றும் இல்லாதவனின் சவுகரியமா, தெரியவில்லை. வீடு இருந்த இடத்தில் நாலு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. எதிர்ச் சாரியில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, டீச்சர் தவறி ஒரு வருஷமாகிறது என்றாள். ஹார்ட்டாம். நெஞ்சு வியாதியெல்லாம் கடைசிவரை ஒன்றும் கிடையாதாம். பெண் கல்யாணமாகி வடக்கே எங்கேயோ இருக்கிறாளாம்.

அந்த அம்மாள் இருபது வருஷம் டீச்சர் வீட்டில் வேலை பார்த்தவள். நான் கேட்காமலே சொன்னாள். தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனக்குத் தனியாக வைத்துக்கொள்வாராம். பெண்ணைப் பக்கத்தில் படுக்கவிட்டதில்லை. தலை பின்னிவிடக்கூட இவளைத்தான் கூப்பிடுவாராம், தான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாராம்.

படம் எடுத்துப் பார்த்ததில்லையா என்று கேட்டேன்.

"வருசா வருசம் எடுப்பாங்கோ சார். சுத்தமா கீதுன்னுதான் டாக்டருங்க சொல்வாங்களாம். டீச்சரு, 'எங்க வீட்டுக்காரர் படத்தையும் அப்படித்தான் சொன்னாங்க'ன்னு சொல்லிட்டு, எடுத்து உள்ள வெச்சுருவாங்கோ."