பட்டறைக்கல் விற்ற கதை

மளிகைக்கடைக்காரர் வீட்டுக்கு ஒரு பொட்டலம் எடுத்துப் போகலாம், ஜவுளிக்கடைக்காரர் ஒரு வேட்டி எடுத்துப் போகலாம். பட்டறைக்கல் வார்க்கிறவன் எதை எடுத்துப் போவான், சொல்லுங்கள்? கல் என்பது பேருக்குத்தான். கொல்லர் பழுக்கக் காய்ச்சிய இரும்பை எதன்மேல் வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறாரோ, அந்த இரும்புக் கட்டிக்குப் பெயர் பட்டறைக்கல். திண்டிவனத்துக்கு வெளியே ஒரு சின்ன வார்ப்படப் பட்டறை வைத்து, சாக்கடை மூடி வார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவன் நான். 'கல்லு போடுங்க, நல்லா போகும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டேன். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிற எல்லோரும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள், உங்களிடம் சொன்னால்தான் புரியும்.

பெயர் பொறித்த கதை

வார்ப்பு வேலை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. மரத்தில் உரு செய்து, மணலில் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவோம். முதல் கல்லில் 'திண்டிவனம்' என்று ஊர்ப்பெயர் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. எழுத்தை நன்றாகச் செதுக்குவார் என்று, ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற ஒருவரிடம் மர உருவைக் கொடுத்தேன். அவர் முப்பது வருஷப் பழக்கத்தில் எல்லா எழுத்தையும் இடவலம் மாற்றிச் செதுக்கிவிட்டார். ஸ்டாம்புக்கு அது சரி. எங்கள் தொழிலில் மரத்தில் எப்படியோ, இரும்பிலும் அப்படியே வரும்.

நானும், மணல் அச்சு போடுகிற ஏழுமலையும் அதைக் கவனிக்கவே இல்லை. ஆறு கல் வார்த்து, ஆறவைத்து, மணல் தட்டி, வரிசையாக நிறுத்தி, சந்தனம் எல்லாம் வைத்துவிட்டோம். முதலில் பார்க்க வந்தவர் பிரம்மதேசத்துக் கொல்லர். குனிந்து பார்த்தார், கழுத்தை அந்தப் பக்கம் சாய்த்தார், இந்தப் பக்கம் சாய்த்தார். கடைசியில் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "ஆம்புலன்ஸ் மூஞ்சில எழுதறாப்பல எழுதிக்கிறீங்களே, முன்னாடி போற வண்டி எதுனா ஒதுங்கணுங்களா?"

பஸ்ஸில் ஒரு சீட்டு

விக்கிரவாண்டியில் ஒருவர் சின்னக் கல்லாக ஒன்று கேட்டார். முப்பத்தைந்து கிலோ. அதற்கென்று தனியாக ஒரு வண்டி எதற்கு என்று கோணியில் கட்டி, விழுப்புரம் பஸ்ஸில் பின்படிக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். லக்கேஜுக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டேன். கூட்டேரிப்பட்டில் கூட்டம் ஏறியது. வளைகாப்புக்குத் தட்டு வரிசையோடு போகிற ஒரு அம்மா, கோணியைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், சாவகாசமாக அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

விக்கிரவாண்டி வந்தது. "அம்மா, கொஞ்சம் எழுந்துக்கோங்க, மூட்டைய எறக்கணும்" என்றேன். "நான் விழுப்புரத்துக்கு டிக்கெட் எடுத்துக்கீறேன். பாதி வழியில சீட்ட எறக்கினா எதுல ஒக்காருவேன்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் மடியில் நாலு தட்டு, காலடியில் ரெண்டு பை. சுற்றி இருந்தவர்களுக்கும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. நான் பேசி முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். கீழே மொபெட்டோடு காத்திருந்த வாடிக்கையாளர், கையை ஆட்டிக்கொண்டே பஸ் பின்னால் விழுப்புரம் வரைக்கும் வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மா மெதுவாக எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, எனக்கு நன்றி சொல்வதுபோலச் சொன்னார்: "கெட்டியாத்தான் கீது தம்பி. சாஞ்சிக்க மட்டும் ஒண்ணு வெச்சிட்டா நல்லாருக்கும்."

சத்தம் வராத கல்

கல் வாங்க வருகிற கொல்லர் முதலில் செய்கிற காரியம், சுத்தியால் ஒரு தட்டு தட்டுவது. 'ணங்' என்றால் முகம் மலரும். எங்கள் முதல் ஆறு கல்லும் 'டொக்' என்றன. தட்டிவிட்டு, "வர்றேங்க" என்று போனவர்கள் யாரும் வரவில்லை.

பனமலையிலிருந்து வந்தவர் மட்டும் ஆறையும் தட்டிப் பார்த்துவிட்டு, கண் கலங்காத குறையாக, "இதுல ரொம்ப டொக்குன்னு வர்றது எது?" என்று கேட்டார். அவருடைய பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். சத்தம் தாங்கவில்லை என்று மனு மேல் மனு போடுகிறாராம். இருப்பதிலேயே செவிட்டுக் கல்லாகப் பார்த்துக் கொடுத்தேன். தொழிலில் முதல்முறையாக ஒருவர் சிரித்துக்கொண்டே போனார்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன். உடைந்துவிட்டதோ என்று எனக்கு உதறல். அவர் குரலே இறங்கியிருந்தது. "சத்தம் வரலன்ன ஒடனே வாத்தியாரு, எனக்கு ஒடம்பு சரியில்லியோன்னு பாக்க வந்தாருங்க. இப்ப தெனம் வந்து ஒக்காந்து பேசிக்கினே கீறாரு. ஒரே பேஜாரா போச்சு, ணங்குன்னு ஒண்ணு வார்த்துக் குடுங்க."

பூஜைக்கு வந்தவர்கள்

இதுவரைக்கும் சிரித்தது போதும். விழுப்புரம் பக்கத்தில் கன்னியப்பன், செல்வி என்று ஒரு தம்பதி. களைக்கொத்து, அரிவாள், கடப்பாரை செய்கிறவர்கள். கன்னியப்பன் கிடுக்கியில் இரும்பைப் பிடிப்பார், செல்வி சம்மட்டி அடிப்பார். நூறு கிலோவில் பெரிய கல் கேட்டார்கள். அது நன்றாக அமைந்தால் சுற்றுவட்டாரக் கொல்லர்கள் எல்லோரும் என்னிடம் வருவார்கள். அமையாவிட்டால் எனக்குச் சாக்கடை மூடிதான்.

கல்லை இறக்கிய அன்று சொந்தபந்தம், பக்கத்துப் பட்டறைக்காரர்கள் என்று முப்பது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். மாலை போட்டார்கள். செல்வி கல்லின்மேல் தேங்காய் உடைத்தார். முற்றல் காய், மூன்றாவது அடியில்தான் உடைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நான்தான் பலமாகத் தட்டினேன். பிறகு அவர் சம்மட்டியை எடுத்துக் கல்லின் மூக்கில், அதாவது கொக்கி வளைப்பதற்காக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தில், ஒரு போடு போட்டார். மூக்கு மாலையோடு கீழே விழுந்தது.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. செல்வி குனிந்து உடைந்த துண்டைப் பார்த்தார், தேங்காய் மூடியைப் பார்த்தார். கோபமே இல்லாமல் சொன்னார்: "தேங்கா மூணு அடி தாங்குச்சிங்க. உங்க கல்லு ஒண்ணு."

செல்வி தேர்ந்தெடுத்தது

உடைந்த இடத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு காற்றுப் பொத்தல். "நாளையிலேர்ந்து மூடியே வார்க்கலாம்" என்றேன். ஏழுமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. சாக்கடை மூடிக்காரன் என்று ஊர் சொல்வதை அவர் தாங்கிக்கொள்வார், நான் சொல்வதைத் தாங்கமாட்டார். மணலை மறுபடி சலித்தார். அச்சில் காற்றுப் போக வழி கூட்டினார். அடி விழுகிற முகத்துக்கு மட்டும் கெட்டியான எஃகுத் தகடு வைத்து, அதோடு சேர்ந்து பிடிக்கிற மாதிரி இரும்பை ஊற்றலாம் என்றார். இரண்டு முறை தகடு ஒட்டாமல் கழன்று வந்தது. மூன்றாவது வார்ப்பில் மூன்று கல் தேறின. கன்னியப்பனையும் செல்வியையும் நானே போய்க் கூப்பிட்டேன்.

கன்னியப்பன் வந்து அரைமணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உயரம் அளந்தார், விரலால் தடவினார், வாசல் பக்கத்துக் கல்தான் லட்சணமானது என்று முடிவு சொன்னார். செல்வி எழுந்து, கொண்டுவந்திருந்த சம்மட்டியால் மூன்றையும் முழுபலத்தோடு அடித்தார். அவர் ஓங்கும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றும் 'ணங்' என்றன. மூக்குகள் இருந்த இடத்தில் இருந்தன. ஏழுமலை திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கணவர் காட்டியதை விட்டு நடுவில் இருந்த கல்லைச் செல்வி எடுத்துக்கொண்டார், அடித்த சம்மட்டியை அதுதான் சரியாகக் கைக்குத் திருப்பி அனுப்புகிறதாம். வண்டியில் ஏற்றும்போதும் நான் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்துத் தைரியம் சொன்னார்: "பயப்படாம குடுங்கண்ணா, இந்த வாட்டி பூஜைக்கு யாரையும் கூப்புடல."

இன்றைக்குத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் என் கல் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நின்று அடி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, விற்ற நானும்தான்.