கறுப்புக் கல்லின் சிவப்புக் கோடு

கல்லை அடையாளம் காணும் தொழிலில் அதன் முகத்தை நம்பக் கூடாது. தேய்த்தால் விழுகிற பொடியைத்தான் நம்ப வேண்டும். மலேசியாவின் கோலசிலாங்கூரில் உட்கார்ந்து ஒரு வார இதழுக்குச் சிறுவர் பக்கம் எழுதுகிற நான், இதை எழுதிவிட்டுப் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு எதையாவது விளக்கப்போய் மாட்டிக்கொண்ட அனைவருக்கும் இது புரியும்.

விட்டுப்போன சொல்

“டைல்ஸைத் திருப்பி, பளபளப்பில்லாத பின்பக்கத்தில் கல்லை உரைத்துப் பாருங்கள். கோட்டின் நிறம்தான் கல்லின் உண்மையான நிறம்” என்று எழுதியிருந்தேன். ‘மீந்துபோன’ டைல்ஸ் என்று எழுத மறந்துவிட்டேன். ஞாயிறு காலை தஞ்சோங் காராங்கிலிருந்து ஒரு தாயார் அழைத்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஸ்குரூ டிரைவரால் குளியலறைச் சுவரிலிருந்து மூன்று டைல்ஸைப் பெயர்த்துவிட்டார்களாம். “பின்பக்கம் பாருங்கன்னு எழுதினீங்க டீச்சர், இப்ப செவுத்துக்குப் பின்பக்கமே தெரியுது லா!”

மன்னிப்புக் கேட்டேன். அவர் இதழின் ஆசிரியரிடமும் சொல்லிவிட்டார். என்னைவிட இருபது வயது இளையவரான ஆசிரியர் மரியாதையாகத்தான் பேசினார்: “இன்னொரு புகார் வந்தா, உங்க பக்கத்துல குறுக்கெழுத்துப் போட்டுருவேன் டீச்சர்.”

கைக்குட்டையில் தங்கம்

அடுத்த வாரம் திருத்தி எழுதினேன்: “மீந்துபோன டைல்ஸ் துண்டில், கண்ணில் படும் எந்தக் கல்லையும் உரைத்துப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள்.” பிள்ளைகளைவிடப் பெரியவர்களே அதிகம் வந்தார்கள். செம்பனைத் தோட்டத்து லோரி ஓட்டுநர் அருள்தாஸ், சரளைக் குவியலில் கிடைத்த மஞ்சள் கல்லைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். கூடவே மனைவி ரோசம்மா.

தங்கமாக இருந்தால் மஞ்சள் கோடு விழும். விழுந்தது பச்சை கலந்த கறுப்பு. இவரும் ஆசிரியருக்குப் போன் போடுவாரோ என்று அவர் சட்டைப் பையிலிருந்த போனையே பார்த்தேன். ரோசம்மாவோ கணவரை மேலும் கீழும் பார்த்தார்: “வெளிய தங்கம், உள்ள கரி. நான் கல்யாணத்துக்கு முன்னாடியே உரைச்சுப் பார்த்திருக்கணும் டீச்சர்.”

சொந்தக் கல்

சுங்கை சோவிலிருந்து வந்த ஒரு பெரியவர் மருந்துப் புட்டியை நீட்டினார். உள்ளே மிளகளவில் ஒரு கல். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். இடுப்பைத் தொட்டுக் காட்டினார். சிறுநீரகக் கல்லுக்கு இந்தச் சோதனை கிடையாது, டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். “வலி நான் பட்டது டீச்சர். பேராவது நீங்க சொல்லக் கூடாதா?”

முனியின் ரத்தம்

மறுநாள் வந்த அழைப்பில் சிரிப்பு இல்லை. சபாக் பெர்ணம் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கோயில் தலைவர் முத்தையா பேசினார். கவிதா என்ற பத்து வயதுப் பெண், முனியாண்டி மேடையிலிருந்த கறுப்புக் கல்லை உரைத்திருக்கிறாள். சிவப்பாகக் கோடு விழுந்திருக்கிறது. கல்லில் ரத்தம் வந்துவிட்டது என்று லயத்துக் குடியிருப்பே கூடிவிட்டதாம். பிள்ளை முந்தாநாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஆசிரியருக்குப் புகார்க் கடிதமும் எழுதியாகிவிட்டது.

முதல் தடவை ஒரு சொல் விட்டுப்போனது. இந்தத் தடவை ‘எந்த’ என்று ஒரு சொல் கூடிப்போனது. என் பக்கம் போகட்டும், அந்தப் பிள்ளை சாப்பிட்டால் போதும் என்று கிளம்பினேன்.

கவிதா சிவப்புப் படிந்த விரலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “சாமிக்கு வலிக்குமா டீச்சர்?” என்றாள். என் பையிலிருந்த கறுப்பு இரும்புக்கல்லை டைல்ஸ் துண்டில் உரைத்தேன். சிவப்பு. யாரும் நம்பவில்லை, டீச்சர் கொண்டுவந்த கல்லாயிற்றே! தோட்டத்துச் செம்மண் ரோட்டில் நீங்களே ஒரு கறுப்புக் கல் பொறுக்குங்கள் என்று முத்தையாவிடம் சொன்னேன். அவரே பொறுக்கினார், அவரே உரைத்தார். அதே சிவப்பு. “இரும்பு உள்ள கல். வெளியே கறுப்பாக இருந்தாலும் பொடி சிவப்பு. ரத்தம் இல்லை” என்றேன்.

கவிதா சட்டைக்குள்ளிருந்து விரலை வெளியே எடுத்தாள். அவள் அம்மா உள்ளே போய்ச் சோற்றுத் தட்டோடு வந்தார். முனியாண்டியின் கல்லைக் கழுவி மேடையில் வைத்துவிட்டு, முத்தையா சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து என்னிடமே கொடுத்தார்: “முனி கல்லும் இரும்பு, ரோட்டுக் கல்லும் இரும்பு. புள்ளைய மட்டும் ஏன் லா ரெண்டு நாளா அழ வச்சோம்?”

இத்தனை வருடத்தில் நான் கற்றது இதுதான்: கல்லை உரைத்தால் அதன் நிறம் தெரியும், சொல்லை உரைத்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினால் எழுதியவரின் முகம் எத்தனை நிறம் மாறும் என்பது தெரியும்.