அறுபது லிங்க்

வட்டவளைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தை அளக்க யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் வந்தார். ஆண்கள் தொப்பி, அட்டைக்கடிக்குப் பயந்து முழங்கால்வரை காலுறை. எதைப் பார்த்தாலும் அது எத்தனை மீற்றர் என்று முணுமுணுப்பார்.

பழைய வரைபடத்தில் பாதையின் நடுவிலிருந்து பாதைக்கு ஒதுக்கிய நிலத்தின் எல்லைவரை ‘60’ என்றிருந்தது. அதை அடி என்று எடுத்துக்கொண்டு, அம்மா சமைக்கும் எங்கள் குசினி பாதையின் எல்லைக்குள் வருகிறது, இடிக்க வேண்டும் என்று தோட்டத்து ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

மிஸ் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார். “இது அடியில்லை, லிங்க். பழைய அளவுச் சங்கிலியின்ர ஒரு கண்ணி. அறுபது லிங்க் பன்னிரண்டு மீற்றர்தான்.”

அளந்தார். குசினிச் சுவர் பதின்மூன்றில், எல்லைக்கு வெளியே இருந்தது. அம்மா கும்பிட்டார். மிஸ்ஸோ மறுபடியும் நாடாவை விரித்தார்.

“ஐயோ, போதுங்க மிஸ்! திரும்ப அளக்காதீங்க!” என்று அம்மா கெஞ்சினார்.

“சரியெண்டா ரெண்டாந்தரமும் சரியாத்தான் வரும், அக்கா.”

வந்தது. அந்த ஒரு நிமிடம் அவர்மேல் எனக்கிருந்த கோபம் எப்போது மரியாதையாக மாறியதோ, இன்றும் தெரியவில்லை.