டயர் வாத்தியார் அனுப்பாத ஆட்டக்காரன்

டயர் வாத்தியார் பகலில் தன் கடையில் பஞ்சர் ஒட்டுவார்; சாயங்காலம் மைதானத்தில் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுப்பார். இரண்டு இடத்திலும் வாய் ஒன்றுதான். கழன்று வராத போல்ட்டுக்கும் ஓட வராத ஆட்டக்காரனுக்கும் ஒரே வசவு. நல்ல மனுஷர்தான். ஆனால் ஒன்றைப் பிடித்தால் ஒற்றைக் காலில் நிற்பார், அதுதான் வினை.

அந்த வருஷம் அணி படு மோசமாக ஆடிக்கொண்டிருந்தது. போகிற இடமெல்லாம் உதை வாங்கித் திரும்பினார்கள். மானத்தைக் காப்பாற்றியவர்கள் இரண்டே பேர். ஒருவன் கோல்காப்பாளன், ஆள் நெட்டையாக, ஒல்லியாக இருப்பதால் ‘ஒட்டடைக்குச்சி’. இன்னொருவன் கோல் போடுகிற ‘வால்’. சின்ன வயதில் ஓர் இடத்தில் உட்காராமல் வீட்டைத் தலைகீழாக்கியதால் வந்த பெயர். அவன் வாத்தியாரின் சொந்த அக்கா மகன். தகப்பன் இல்லாத பிள்ளையை அவர்தான் கைபிடித்து மைதானத்துக்குக் கூட்டி வந்தார்.

அப்போதுதான் தலைநகரத்துப் பெரிய அணியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த இரண்டு பேரையும் கொடுத்தால், பதிலுக்குத் தங்கள் ஆட்டக்காரர்கள் நான்கு பேரைத் தருவதாகச் சொன்னார்கள்.

அணியை நடத்தும் சங்கத்தின் தலைவர் மருந்துக் கடை வைத்திருந்தார். கடையின் பின்னறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே கூட்டம். அந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு: யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவன் உள்ளே இருக்கக் கூடாது. முகத்துக்கு நேரே பேசக் கூச்சமாக இருக்குமாம்! ஆகவே ஒட்டடைக்குச்சியும் வாலும் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

“ரெண்டு பேரையும் அனுப்பிடலாம் வாத்தியாரே,” என்றார் மருந்துக் கடைக்காரர். “நாலு பேர் வந்தா டீம் கொஞ்சம் தலை நிமிரும். பசங்களும் நல்லா வருவாங்க.”

“ஒட்டடைக்குச்சியை வேணும்னா கூட்டிட்டுப் போகட்டும். என் மருமகன் மேல கை வைக்காதீங்க. அவன் போயிட்டா யாரு கோல் போடுவா? உங்க மாத்திரை டப்பாவா?”

எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு விஷயமும் முடிந்துபோனது. ஒருத்தனுக்குப் பதில் இரண்டு பேர் என்று பேசி முடித்தார்கள்.

வாத்தியார் வெளியே வந்து மருமகன் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “உன்னை யாருக்கும் விட்டுக்கொடுக்கலடா!”

“சரி மாமா,” என்றான் வால்.

அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார் அவர். பாவி மனுஷர், பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?

வந்த இரண்டு பேரும் சுமார்தான். கோலைக் காக்க ஆள் இல்லை. எதிரணிகள் வாலைச் சுற்றி மூன்று பேரை நிறுத்திவிட்டுத் தங்கள் பாட்டுக்கு ஆடின. எல்லாப் பாரத்தையும் அவனே இழுத்தான். மழையில் நடந்த ஓர் ஆட்டத்தில் வழுக்கி விழுந்தான், முழங்கால் திருகிக்கொண்டது. அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. வால் தன் மாமாவின் கடைக்கே வேலைக்கு வந்தான். இன்றைக்கும் அந்தக் கால் முழுசாக மடங்காது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் டிவி ஓடியது. ஒட்டடைக்குச்சி ஆடுகிற ஆட்டம். வலை மூலைக்குப் போன பந்தை அவன் பாய்ந்து தட்டிவிட்டான். “அப்படிப் போடு!” என்று வால் கைதட்டினான். அந்தக் குரலில் பொறாமை துளிகூட இல்லை. இந்தத் தடவை வாத்தியார் அவன் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாகக் கேட்காமல் விட்டதைக் கேட்டுவிட்டார்.

“ஏன்டா, அன்னிக்கு உனக்கும் போகணும்னு இருந்துச்சா?”

வால் கையைத் துடைத்துக்கொண்டான். “அம்மா பெட்டியே கட்டி வச்சிருந்தாங்க மாமா.”

“அக்காவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“சொல்ல வேண்டாம்னுட்டாங்க. ‘உன் மாமன் எது செஞ்சாலும் உன் நல்லதுக்குத்தான் செய்வான்’னு சொல்லி, துணியெல்லாம் எடுத்துத் திரும்ப அலமாரியில அடுக்கிட்டாங்க.”

வாத்தியார் டிவியை அணைத்தார். அக்கா கண்ணை மூடி நாலு வருஷமாகிவிட்டது. இனி அவள் முகத்தைப் பார்த்து எதைச் சொல்ல?

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பின் சக்கரத்தில் காற்றில்லை. வால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

“நீ உட்காரு,” என்றார் வாத்தியார். ஜாக்கியை எடுத்துக்கொண்டு போய்த் தானே தரையில் குனிந்தார். கண் கலங்கியதில் போல்ட் சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு அந்தப் போல்ட்டை அவர் திட்டவில்லை.