அங்கே ராத்திரி, கும்மிடிப்பூண்டியில் சாயங்காலம்

கரண்ட் போனால் மழையைத் திட்டுவார்கள், தண்ணீர் வராவிட்டால் பஞ்சாயத்தைத் திட்டுவார்கள், டிவியில் படம் போனால் மட்டும் நேராக வீட்டுக்கே வந்து திட்டுவார்கள். அதற்குப் பெயர்தான் கேபிள் தொழில். செட்டாப் பாக்ஸ் எல்லாம் வருவதற்கு முன்னால், இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஓரமாக லைன் இழுத்துப் பிழைத்தவன் நான். ஊரில் எல்லோருக்கும் நான் ‘நைனா’. ஆந்திராவை ஒட்டிய ஊர், பெற்ற அப்பாவையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கேபிள்காரனையும் அப்படித்தான்.

கீழே நாய் நிற்கிறதென்று கம்பத்து மேலேயே உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்ட சக கேபிள்காரர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்கு உடனே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சிரிக்கிற விஷயம்தான். ஆனால் ஒரு பொம்மைப் படத்தால் குமாரி என்கிற நல்ல மனுஷியின் பிழைப்பு போன கதையும் இதற்குள் இருக்கிறது. அந்த இடம் வந்ததும் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

கழுகுக் குஞ்சு

படம் ஏன் வரவில்லை என்று கேட்டால் ‘ஒயர் அறுந்துவிட்டது’ என்று பதில் சொல்கிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. உடனே ‘எப்போ ஒட்டுவே?’ என்று அடுத்த கேள்வி வரும். நான் கதை சொல்வேன். மாடியில் இருக்கிற பெரிய டிஷ்ஷில் கழுகு முட்டை போட்டிருக்கிறது, குஞ்சு பொரிக்கிறவரை அதைத் திருப்பினால் பாவம் என்பேன். ஆடி மாதத்தில், பெரியபாளையத்து அம்மனுக்குப் போகிற கூட்டத்தின் வேப்பிலைப் பச்சை சிக்னலை உறிஞ்சிவிடுகிறது என்பேன். கடல் காற்றில் சாட்டிலைட் சாய்ந்துவிட்டது, விடிந்ததும் ஆள் போய் நிமிர்த்துவான் என்பேன்.

யாரும் நம்பியதில்லை. யாரும் கோபித்துக்கொண்டதும் இல்லை. கம்பெனியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு அதுவும் ஒரு பொழுதுபோக்கு. பேக்கிங் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருந்த தனலட்சுமி ஒரு தடவை வாசலிலேயே நின்று முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “படம் வராங்காட்டி போவுது நைனா, நீ வந்து ரெண்டு வார்த்த பேசிட்டுப் போ, அதுவே ஒரு சேனல் பாத்த மாதிரி கீது.”

பொம்மைக்குப் பக்கத்தில் பொம்மை

மளிகைக் கடையில் பருப்புக்குப் பக்கத்தில்தான் பருப்பை வைப்பார்கள். எங்கள் தொழிலிலும் அதே முறைதான். பக்திக்குப் பக்கத்தில் பக்தி, பாட்டுக்குப் பக்கத்தில் பாட்டு. எந்த நம்பரில் எது வரவேண்டும் என்பது அந்தக் காலத்தில் கேபிள்காரன் இஷ்டம். ஒருநாள் டிஷ்ஷைக் கிழக்கே திருப்பித் துழாவிக்கொண்டிருந்தபோது, எங்கேயோ தூர தேசத்து இங்கிலீஷ் சேனல் ஒன்று ஓசியில் சிக்கியது. நான் பார்த்த நேரத்தில் ஒரு கார்ட்டூன் வாத்து சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. இதைவிட என்ன சர்ட்டிபிகேட் வேண்டும்? குழந்தைகள் சேனல் வரிசையில் நட்டநடுவில் கொண்டுபோய்ச் சொருகினேன்.

அதனால் அதிகம் சந்தோஷப்பட்டது குமாரிதான். என் கன்ட்ரோல் ரூம் என்கிற தகரக் கொட்டகைக்கு அடுத்த வீடு அவளுடையது. புருஷன் ஆட்டோ ஓட்டி ஓட்டி முதுகு போய்ப் படுத்துவிட்டான். கம்பெனிக்குப் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள், சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அதில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அவளிடம் இருந்த ஒரே பொம்மை அந்த டிவிதான். புதுச் சேனல் வந்த வாரமே கொட்டகை வாசலில் வந்து நின்றாள்: “மத்த சேனல்ல விளம்பரம் வந்தா போதும், பசங்க அடிச்சிக்குதுங்க. இது போட்டா எல்லாம் வாயப் பொளந்துகினு ஒக்காந்துக்குது. இத மட்டும் எடுத்துடாத நைனா, உனக்குப் புண்ணியமாப் போவும்.”

சம்பந்தி வீட்டார் வந்த நாள்

ஹாஜா பாய் பழவேற்காட்டுக்காரர், பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முதல் முறையாக வந்திருக்கிறார்கள். புது டிவி வாங்கியிருப்பது அவர்கள் கண்ணில் பட வேண்டும். ஆனால் சினிமா பாட்டு ஓடினால் மரியாதையாக இருக்காது. அந்த மாதிரி வீடுகளில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு: விருந்தாளி வந்தால் பொம்மைப் படத்தைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து விட்டுவிடுவார்கள். பாயும் அப்படித்தான் செய்தார். மணி ஆறு. வாத்து போய்விட்டது. ஒரு குண்டு மாமாவும் அவர் பொண்டாட்டியும் வந்தார்கள். கட்டிலுக்குப் போனார்கள். போர்வை ஆடியது.

ரிமோட் சம்பந்தி அம்மா மடிக்குப் பக்கத்தில். எழுந்துபோய் எடுத்தால் பார்த்துவிட்டோம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். எல்லோரும் பிஸ்கட் தட்டையே முறைத்துக்கொண்டிருந்தார்களாம். நல்லவேளை, கல்யாணம் நிற்கவில்லை. மறுநாள் பாய் கடையை விட்டுவிட்டு என் கொட்டகைக்கே வந்துவிட்டார்: “சினிமா பாட்டு அசிங்கமா இருக்குதுன்னு தான்யா பொம்மையப் போட்டேன். உன் பொம்மை பண்ற வேலைக்கு சினிமாவே தேவல போல கீதே!”

பெரியவர்களின் பொம்மை

சேனலைத் தூக்கிவிட்டேன். தூக்கிய அன்றே இரண்டு பக்கமிருந்தும் ஆள் வந்தது. காலையில் குமாரி, ‘புள்ளைங்க ஊட்டையே பேத்துக்கினு கீதுங்க’ என்று. சாயங்காலம் டீக்கடை மாடியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த டிரெய்னி இன்ஜினியர் பிரபு. அவன்தான் எனக்கு விளக்கினான். வெளிநாட்டில் பெரியவர்களுக்கென்றே பொம்மைப் படம் எடுக்கிறார்களாம். அங்கே அது ராத்திரி பத்தரைக்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுகிற படமாம். அவர்கள் கிழக்கே இருப்பதால் அங்கே பத்தரை என்றால் நமக்கு ஆறு. அவர்கள் பிள்ளைகளைத் தூங்க வைத்த நேரத்தில் நம் பிள்ளைகள் முகம் கழுவிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

என்னதான் அது என்று ஒரு வாரம் அவன் ரூமில் உட்கார்ந்து பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பிடித்துப்போயிற்று. பச்சையான பேச்சு, துணி அவிழ்கிற பொம்மை, எல்லாம் உண்டு. ஆனால் அந்தக் குண்டு மாமா கட்டிலுக்குப் போன எந்தத் தடவையும் காரியம் நடந்ததில்லை. போன் அடிக்கும், நாய் போர்வைக்குள் நுழையும், மாமியார் கதவைத் தட்டுவாள். அப்புறம் இரண்டு பேரும் விட்டத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டு வேலை போய்விடுமோ, வயசாகிவிட்டதோ, இன்னும் நம்மைப் பிடிக்கிறதா என்று பேசுவார்கள். அதைத்தான் பிரபு மொழிபெயர்த்துச் சொல்வான். ஊரில் பொண்டாட்டியை விட்டுவிட்டு வந்த பையன். ‘இதில் என்னடா கண்ணு இருக்கிறது உனக்கு?’ என்று கேட்டேன். அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்: “கட்டில்ல படுத்துக்கினு பேசறதுக்கு ஒரு ஆள் இருக்குது பாருங்க நைனா, அதப் பாக்கறதுக்குத்தான்.”

பின் பிடுங்கும் உத்தியோகம்

குமாரிக்கும் வேண்டும், பிரபுவுக்கும் வேண்டும், பாய்க்கு வேண்டாம். மூன்று பேரும் என் லைனில் இருக்கிறார்கள். ஒரு வழி பண்ணினேன். சேனலை மறுபடி போட்டேன். ஆறு மணிக்கு முன்னால் கொட்டகையில் உட்கார்ந்து, அந்தச் சேனலைப் பிடிக்கிற ரிசீவர் பெட்டியிலிருந்து ஊர் லைனுக்குப் போகிற பின்னைப் பிடுங்கிவிடுவேன். ஊர் முழுக்க அந்த நம்பரில் வெறும் புள்ளி. பிரபு ரூமுக்கு மட்டும் பெட்டியிலிருந்து நேராகத் தனி ஒயர். ஆறரைக்குப் பின்னைத் திரும்பச் சொருகிவிடுவேன். குமாரி வீட்டுப் பிள்ளைகள் ஐந்தரைக்கே அம்மாக்களோடு போயிருக்கும்.

மாதக் கணக்கில் எந்தப் பேஜாரும் இல்லாமல் ஓடியது. கல்யாண வீடோ காய்ச்சலோ, ஆறு மணிக்கு நான் கொட்டகையில் இருப்பேன். அந்தப் பொம்மைப் புருஷன் பெண்டாட்டியை ஊர் கண்ணில் படாமல் கதவடைத்து வைக்கிற வேலை. வழியில் போகும்போது எட்டிப் பார்த்த ஹாஜா பாய்க்கு ஒரே சிரிப்பு: “இன்னா நைனா, அந்த ஜோடிக்கு நீதான் இப்ப மாமியாரா?”

மழை நாளில்

தீபாவளி போய் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் கம்பெனிக்குள் தண்ணீர் வந்து, சீக்கிரமே ஆட்களை விட்டுவிட்டார்கள். மகளைக் கூட்டிப்போக வந்த தனலட்சுமி குடையை மடக்கிக்கொண்டு குமாரி வீட்டு வாசற்படி ஏறும்போது ஐந்து மணி கொஞ்சம் தாண்டியிருக்கும். குமாரி உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பொறை ரொட்டியைக் கடித்துக்கொண்டு டிவியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தன. பொம்மைக் கட்டில் உடைந்ததற்குத்தான் அந்தச் சிரிப்பு. வேறெதுவும் அதுகளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் கட்டிலில் இருந்தவர்கள் உடம்பில் துணி இல்லை என்பது தனலட்சுமிக்குப் புரிந்தது.

அடுத்த சுவருக்கு இந்தப் பக்கம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆறாக இன்னும் நேரம் இருக்கிறதே! ‘ஐயோ நைனா, நிறுத்து’ என்று குமாரி போட்ட கூச்சல் கேட்டுப் பின்னைப் பிடுங்கிவிட்டு ஓடினேன். குமாரி கையில் பால் சொம்போடு நின்றாள். ‘வாத்து படம் தான் ஓடிகினு இருந்துச்சு அக்கா, சத்தியமா’ என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தனலட்சுமி கத்தக்கூட இல்லை. பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “உன் கைல தான் குமாரி குடுத்துட்டுப் போனேன், டிவி கைல இல்ல.”

கடிகாரக் கதை

பேக்கிங் செக்‌ஷன் முழுக்கத் தனலட்சுமி சொன்னால் சொன்னதுதான். மறுநாள் காலையில் குமாரி வீட்டுக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. நான் பிரபுவிடம் ஓடினேன். அவன் யாருக்கோ போன் போட்டு விசாரித்துச் சொன்னான். அந்த தேசத்தில் நமக்கு மழைக்காலம் என்றால் அவர்களுக்குக் கோடைக்காலமாம். கோடை வந்தால் சர்க்காரே சொல்லி, நாடு முழுக்க எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வார்களாம். அவர்களுக்கு அதே பத்தரை. நமக்கு ஆறு போய் ஐந்து. அந்த வருஷம் அவர்கள் தள்ளி வைத்தது அந்த மழை நாளுக்கு முந்தின நாள்தானாம்.

சாயங்காலம் அம்மாக்கள் தட்டு, டம்ளர், மாற்றுத் துணியை வாங்கிப்போக குமாரி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அங்கே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே மழை, அங்கே வெயில் என்றேன். நாடே கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் என்றேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது நான் வழக்கமாக விடுகிற சரக்கு மாதிரிதான் இருந்தது. அம்மன்மேல் சத்தியம் செய்தேன். அம்மன் பேரை நான் எதற்கெல்லாம் இழுத்திருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். பிரபுவைச் சாட்சிக்கு நிறுத்தினேன். தனி ஒயர் வாங்கிக்கொண்டு பார்த்தவன் சாட்சியை யார் எடுத்துக்கொள்வார்கள்? தனலட்சுமி மட்டும் நான் முடிக்கிறவரை நின்று கேட்டாள். அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்: “கத நல்லாத்தான் கீது நைனா. மத்த நாளா இருந்தா ஒக்காந்து கேப்பேன்.”

டெம்போ

அந்தச் சேனலைப் பிடுங்கி எறிந்தேன். பிரபுவும் கேட்கவில்லை. குமாரி கொஞ்ச நாள் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாராவது ஒருத்தியாவது பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள் என்று. யாரும் வரவில்லை. வள்ளூரில் அவள் அண்ணன் இருந்தான். அங்கே பக்கத்தில் அனல்மின் நிலையத்துக் குடியிருப்பில் கூட்டித் துடைக்கிற வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பினான். புருஷனை டெம்போவில் பாய் போட்டுப் படுக்க வைத்தோம். டிவியை ஏற்றப்போனேன். ‘அது உன்கிட்டயே இருக்கட்டும்’ என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ‘குமாரி, நீயாவது நம்பும்மா, கடிகாரத்தை நிஜமாகவே தள்ளித்தான் வைக்கிறார்கள்’ என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தாள்: “இருக்கட்டும் நைனா. எனக்கோசரம் நாலு பேரு எதிர்ல இவ்ளோ பெரிய பொய்ய சொன்னியே, கூடப் பொறந்தவன் கூட சொல்ல மாட்டான்.”

நான் விட்ட பொய்களை எல்லாம் ரசித்துக் கேட்ட கும்மிடிப்பூண்டியில், நான் சொன்ன ஒரு உண்மைக்கு மட்டும், அதைப் பொய் என்று நினைத்து ஒருத்தி நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.